ஆள் குறைந்த தொகுதி

இன்னும் நெட்டூரணியைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள், எங்கே போய்விடப் போகிறார்கள், கலெக்டர் ஆபீசில் காத்திருப்பது எனக்கென்ன புதிதா, யூனியன் சேர்மனாக இருந்த காலத்தில் இதே ஹாலில் இதே ஆடுகிற நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இந்த முட்டி வலியே வந்தது. மேலே ஃபேன் சுற்றுகிறது, காற்றெல்லாம் மேடைக்குப் போகிறது, எங்களுக்குச் சத்தம் மட்டும் வருகிறது. மேடையில் வடக்கிலிருந்து வந்த பெரியவர், நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவராம், சட்டசபைத் தொகுதிகளைப் பிரித்துக் கட்ட வந்திருக்கிறார். நாம் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை நமக்கும் மாற்றிச் சொல்லப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக்காரர். பின்னால் சுவரில் புதுப்படம். மாவட்டத்தைப் பச்சை, மஞ்சள், ரோஸ் என்று தீட்டியிருக்கிறார்கள், வந்ததும் முதல் வேலையாக அதன் கீழே போய் நின்று தேடினேன், நெட்டூரணி என்ற பெயரே இல்லை. ஊரணி மட்டும் இருக்கிறது, நீலத்தில் ஒரு பொட்டு. ரோஸ் நிறம் கீழப்பெருங்கரைத் தொகுதி, எங்கள் ஊர்கள் எல்லாம் அதற்கு வால். ஆள் குறைவு என்கிறார்கள். ஒரு தொகுதிக்கு இத்தனை தலை வேண்டும், உங்களிடம் அத்தனை தலை இல்லை, அதனால் கலைக்கிறோம், ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லுங்கள். வந்திருக்கிறேன். ஆனால் நான் சொன்னால் போதாது. பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே அத்தை, அவள் வாயைத் திறக்க வேண்டும். அத்தை என்று நான் கூப்பிடுகிறவள் என்னைப் பெற்றவள். இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

எனக்கு முன்னால் பிறந்தது எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. ஒன்று அம்மையில், ஒன்று வயிற்றுப்போக்கில், ஒன்று ஏனென்றே தெரியாமல். அப்போது நெட்டூரணியில் ஆஸ்பத்திரி கிடையாது, மாட்டு வண்டியில் கீழப்பெருங்கரைக்குப் போவதற்குள் பிள்ளை ஆறிப்போய்விடும். நான் பிறந்து விழுந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி மேலத்தெரு ராக்காயி முறத்தில் ஒரு பிடி தவிடு கொண்டுவந்து கொடுத்து என்னை விலைக்கு வாங்கினாள். எமன் தேடி வந்தால் இந்த வீட்டில் பிள்ளை இல்லை, அந்த வீட்டில் இருப்பது தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, குப்பையோடு குப்பை, அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் என்ன செய்வான். பால் கொடுத்தவள், வளர்த்தவள், பேன் பார்த்தவள் எல்லாம் பெற்றவள்தான். ஆனால் பெயர் தவிட்டம்மாள், அம்மா ராக்காயி, பெற்றவள் அத்தை. கல்யாணப் பத்திரிகையில்கூட ராக்காயி மகள் என்றுதான் அச்சடித்தார்கள், பெற்றவள் பந்தலில் மூன்றாவது வரிசையில் நின்று அட்சதை போட்டாள். நான் டைபாய்டில் கிடந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் வரமாட்டாள், வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம், ராக்காயி புள்ளைக்குக் காய்ச்சலாம், பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு, மகனும் திருப்பூருக்குப் போன பிறகு, நானும் அத்தையும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில்தான் இருக்கிறோம். இன்றைக்கு வரைக்கும் என் மகள் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

சனத்தொகை எடுக்க வந்த சற்குணம் டீச்சர் அன்றைக்கே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் யூனியன் வேலையாக மதுரைக்குப் போயிருந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்டதற்கு அத்தை, நான் ஒத்தக்கட்டை என்றிருக்கிறாள். பிள்ளைகள்? இல்லை. தவிட்டம்மா? அது ராக்காயி வீட்டுப் புள்ள, இங்கன சாப்பிட வரும் போகும். டீச்சர் மேலத்தெருவுக்குப் போய்க் கேட்டால் ராக்காயி, நான் பேருக்குத்தான் வாங்கினவ, அது இருக்கிறது அங்கன என்றிருக்கிறாள். டீச்சர் அசலூர், வெயில் வேறு. யூனியன் சேர்மன் எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லாமல் போனாள். தொகுதி போகிறது என்று சேதி வந்த பிறகுதான் இதை டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சுருக்கென்றது. தெருத்தெருவாகப் போய் விசாரித்தேன். அம்மை போட்ட வருஷத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் தவிட்டுப் பிள்ளை இல்லாத தெரு ஏது. தவிடன், தவிட்டுராசு, குப்பம்மாள், பிச்சை, எல்லாம் நரைத்து நிற்கிறதுகள், பாதிக்குமேல் எதிலும் ஏறவில்லை. தவிட்டுப் பிள்ளை இல்லாத வீட்டிலும் பொம்பளைகள் பிள்ளைகளைத் தலை எண்ணிச் சொல்லமாட்டார்கள், எண்ணினால் ஒன்று குறையும் என்பார்கள். இருக்கிறதுல ஒண்ணு ரெண்டு விளையாடுதுக என்று மழுப்பிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். குறையக் கூடாது என்று எண்ணாமல் விட்டு, எண்ணாததால் குறைந்து போனோம். இந்தக் கூத்தை எந்தப் பாஷையில் மாற்றிச் சொல்லி இந்தப் பெரியவருக்குப் புரியவைக்கப் போகிறார் கண்ணாடிக்காரர்.

மேடையில் வேறு ஏதோ ஊர். ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார், ஆற்றுக்கு வடக்கே இருப்பதை வடக்கிலேயே வையுங்கள் என்கிறார். பெரியவர் தலையாட்டுகிறார். அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தலையாட்டுகிறார், அதுதான் பயமாக இருக்கிறது. காலையில் பஸ்ஸில் அத்தையிடம் மறுபடியும் சொன்னேன், அங்கே பெரியவங்க கேட்பாங்க, பிள்ளை எத்தனைன்னு ஒரு வார்த்தை சொல்லணும் அத்தை, நம்ம தொகுதிக்காக. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குத்தியைத் தடவிக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்று இறங்கிப் போயிருக்கலாமே, போகவில்லை. அந்தப் பையை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். சத்துமாவாக இருக்கும், வெளியில் எங்கேயும் வாய் நனைக்கமாட்டாள், பையின் மூலையிலிருந்து மாவு உதிர்ந்து சேலையெல்லாம் தூசி. தட்டிவிடப் போனால் கையைத் தள்ளிவிட்டாள். சொல்வாளா. சொன்னால். சொன்னால் என்ன, நான் குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசினவள், கண்ணேறாவது பேயாவது என்று மேடை மேடையாக முழங்கினவள். ஆனால் விடிந்ததிலிருந்து இந்த இடது தோள் ஒரு மாதிரி இருக்கிறது. பஸ் கம்பியைப் பிடித்து நின்றதால் இருக்கும். ராக்காயி வேறு போன பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். விற்றவள் இருக்கிறாள், வாங்கினவள் இல்லை, நான் இப்போது யார் வீட்டுப் பிள்ளை என்று எமன் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சீ, என்ன நினைப்பு இது. கம்பியைப் பிடித்ததால்தான்.

எங்களுக்குத் தனித் தொகுதியே முதலில் கிடையாது. முதல் எலெக்‌ஷனில் பெருங்கரையோடு சேர்த்து இரட்டைத் தொகுதி, இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி, பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும், ஓட்டுப் போட ஆளுக்கு இரண்டு சீட்டு. அத்தை அப்போது இளவட்டம். ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டுத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மற்றதை முந்தியில் முடிந்துகொண்டு வந்து ராக்காயி வீட்டுக் கூரையில் செருகினாளாம், இது உன் வீட்டுப் புள்ளைக்குன்னு குடுத்தாக என்று. ராக்காயி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஜெயித்த இரண்டு பேரும் பெருங்கரைக்காரர்களாகவே இருந்தார்கள், எங்கள் பக்கம் ஜீப் ஒரு தடவை வந்தது, அதுவும் வழி தவறி. பிறகு பிரித்து, ஒரு தொகுதிக்கு ஓர் ஆள் என்று நெட்டூரணிக்குத் தனியாகக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஊரணிக் கரையில் வெடி போட்டார்கள், எனக்கு நினைவிருக்கிறது, வெடிச் சத்தத்தில் ஆடெல்லாம் சிதறி ஓடின. முதலில் ஜமீன் வீட்டு மாப்பிள்ளை ஒருவர், சட்டசபையில் தூங்கினார் என்பார்கள். அடுத்து தேவசகாயம் வாத்தியார். செருப்புத் தேய நடந்தே ஓட்டுக் கேட்டவர். சட்டசபையில் எந்த மானியக் கோரிக்கை என்றாலும் எழுந்து நெட்டூரணிக்கு ஆஸ்பத்திரி என்று ஒன்றையே கேட்பாராம், எழுந்தாலே மற்றவர்கள் சிரிப்பார்களாம், கடைசியில் சிரித்து அலுத்துப்போய்க் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி திறந்த அன்றைக்கு அத்தை பிரசவ வார்டு வாசலில் போய் நின்று உள்ளே இருந்த தொட்டில்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை, நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மற்றபடி எங்கள் தொகுதிக்கு ஒரு ராசி, எந்தக் கட்சி ஆட்சிக்கு வருகிறதோ அதற்கு எதிர்க்கட்சி ஆளைத்தான் நாங்கள் அனுப்புவோம். நெட்டூரணியில் தோற்றால் மந்திரி ஆகலாம் என்று கேலி பேசுவார்கள். அதனால் ரோடு வரவில்லை, காலேஜ் வரவில்லை, ஆஸ்பத்திரி ஒன்றுதான். இப்போது அதற்கும் டாக்டர் இல்லை என்று மனுக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு வாலாகப் போன பிறகு யாரிடம் கொடுப்பது.

கீழப்பெருங்கரை என்று கூப்பிட்டதும் பின் வரிசையிலிருந்து சீனியம்மாள் எழுந்து போகிறாள். அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவி, பச்சைச் சேலை, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். எனக்கு அவளைப் பிடிக்காது. ஒன்றும் கெட்டவள் இல்லை, பெருங்கரைக்காரி, அவ்வளவுதான். நல்ல முறையில்தான் பேசுகிறாள், நெட்டூரணி மக்கள் எங்களோடு சேர்வதில் சந்தோசம், சொந்தபந்தம்தான் என்கிறாள். சேர்வது. ஆடு ஓநாயோடு சேருகிற மாதிரி. திரும்பி வந்து உட்காரும்போது, தண்ணி குடிக்கிறீகளாக்கா என்று பாட்டிலை நீட்டினாள், தாகம் இருந்தும் வேண்டாம் என்றேன். தவிட்டுப் பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் எங்கள் கணக்கு நிறையாது, அது எனக்குத் தெரியும், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆட்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். என் மகன் அங்கே எண்ணப்பட்டிருக்கிறான், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் அங்கே. எங்கள் பையன்கள் பனியன் தைக்கப் போனார்கள், எங்கள் சீட்டும் அவர்கள் பின்னாலேயே பஸ் ஏறிவிட்டது. அப்புறம் எதற்கு இந்தக் கிழவியை வெயிலில் இழுத்துக்கொண்டு வந்தேன். தொகுதிக்காகத்தான். தொகுதிக்காகத்தானா. அவள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஆசை இல்லாமலா. பேரன் பேத்தி எடுத்த பிறகும் என்ன ஆசை இது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. கேட்க வேண்டும், கேட்கவும் பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் தொகுதி போகும், சொன்னால் நான் போவேனோ. தோள் மறுபடியும். அத்தையைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைகிறது, சாமியிடம் என்ன பேரம் பேசுகிறாளோ.

நெட்டூரணி என்று கூப்பிட்டார்கள். முட்டி சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்துவிட்டது. அத்தையின் கையைப் பிடித்து மைக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன், நினைத்து வைத்திருந்ததெல்லாம் பாதி வழியில் மறந்துவிட்டது, ஆஸ்பத்திரி என்றேன், வாத்தியார் என்றேன், கடைசியில் கணக்கே தப்பு என்றேன். பெரியவர் முதல் தடவையாகத் தலையாட்டாமல் என்னைப் பார்த்தார். எப்படித் தப்பு என்று சொல்கிறீர்கள், அத்தாட்சி உண்டா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் அதை மாற்றிச் சொல்லத் தொடங்கி, தவிடு என்ற இடத்தில் தடுமாறி, விரலைத் தேய்த்துக் காட்டினார். பெரியவருக்குப் புரிந்ததோ என்னவோ. இவங்களையே கேளுங்க, பிள்ளை எத்தனைன்னு கேளுங்க என்றேன். எனக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள், சீனியம்மாள்தான். "வேண்டாம்க்கா," என்றாள் அங்கிருந்தே. அவளுக்கும் தெரியும், அவளும் இந்த மண்தானே. வேண்டாம் என்று எனக்கும் அந்த நேரத்தில் தோன்றிவிட்டது, அத்தை வா போயிரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கண்ணாடிக்காரர் கேட்டுவிட்டார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், பாட்டி?

அத்தை மைக்கைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அப்படி நேராக அவள் என்னைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

"நாலு," என்றாள். "மூணு மண்ணுக்குள்ள போயிருச்சு. ஒண்ணு இருக்கு. இந்தா நிக்கிறா. எம்மக. பேரு பூமயிலு."

பூமயில். யார் பூமயில் என்று நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை, அப்பா சொன்னதில்லை, ராக்காயி சொன்னதில்லை, அவள் ஒருத்திதான் உள்ளுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், நான் தத்தக்கா பித்தக்கா என்று நடந்த காலத்திலிருந்து, முட்டி பிடித்து நொண்டுகிற இந்தக் காலம் வரைக்கும். வாசல் தெளிக்கும்போது கூப்பிட்டிருப்பாள். டைபாய்டின்போது வாசலில் உட்கார்ந்து கூப்பிட்டிருப்பாள். கண்ணாடிக்காரர் மாற்றிச் சொன்னார், நாலு, இறந்தது மூணு, இருப்பது ஒண்ணு. பெயரை விட்டுவிட்டார். பெரியவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எதையோ நிதானமாகச் சொன்னார், நல்ல மனுசன்தான், முகம் வாடித்தான் சொன்னார். ஐயா வருத்தப்படுறாங்கம்மா, ஆனா கணக்கெடுப்பு வெளியாயிருச்சு, அந்த எண்ணைத் தொட ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது, அடுத்த தடவை எடுக்க வர்றப்ப எல்லாரும் சரியாச் சொல்லிருங்க என்றார் கண்ணாடிக்காரர். அடுத்த தடவை. சரி என்று நானும் தலையாட்டினேன், அவரைப் போலவே. நெட்டூரணித் தொகுதி அவ்வளவுதான். வெடி போட்டு வந்தது, வெடி இல்லாமல் போயிற்று. அடுத்த ஊரைக் கூப்பிட்டார்கள், கையை நீட்டினேன், அத்தை பக்கத்தில் இல்லை.

பின் வரிசையில் போய்ச் சீனியம்மாளுக்கு முன்னால் நிற்கிறாள். மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்த்து உள்ளே கைவிட்டு அள்ளினாள், சத்துமாவு இல்லை, தவிடு. மில்லுத் தவிடு, புதுசு. நேற்றுச் சாயங்காலம் மில்லுப் பக்கம் போய்வந்தாளே, மாட்டுக்கென்றல்லவா நினைத்தேன். நான் பஸ்ஸில் கெஞ்சுவதற்கு முன்னாலேயே சொல்வதென்று முடிவு கட்டியிருக்கிறாள், சொன்ன கையோடு விற்றுவிடுவதென்றும். அள்ளியதைச் சீனியம்மாள் உள்ளங்கையில் கொட்டினாள். "இதக் கையில புடி. இப்ப எனக்குக் குடு," என்றாள். "குடுத்துட்டு இந்தப் புள்ளைய எடுத்துக்க. இனி உன் வீட்டுப் புள்ள, எனக்குச் சம்பந்தம் இல்ல." பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வேட்டி கட்டின ஒருவர் சிரித்தார். சீனியம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தவிட்டை அத்தையின் முந்தியில் போட்டாள். "வாங்கிக்கிட்டேன் ஆத்தா. எங்க வீட்டுப் புள்ளதான்," என்றாள். தொகுதியும் அவர்களுக்கு, நானும் அவர்களுக்கு. சீனியம்மாள் பாட்டிலை மறுபடியும் நீட்டினாள், இந்தத் தடவை வாங்கிக் குடித்தேன்.

வெளியே வெயில் கொளுத்துகிறது. தோள் வலி எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை, அதைச் சொன்னால் அத்தை பார்த்தியா என்பாள், சொல்லப் போவதில்லை. முந்தியில் தவிட்டை முடிந்துகொண்டு அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடக்கிறாள், முதுகு லேசாகிவிட்டது போல ஒரு நடை. எனக்கு மட்டும் ஒன்று உறுத்துகிறது. மைக்குக்கும் சீனியம்மாள் நாற்காலிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கும், நாலு வரிசை இருக்குமா. அந்த நாலு வரிசைக்கு நான் பூமயில். அந்த நாலு வரிசை நடந்து முடிக்கிறவரைக்கும் அவள் எனக்கு அம்மா, கூப்பிட்டால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள், அவளே தடுத்திருக்கமாட்டாள். நான் அந்தப் பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். வாசல் கேட் பக்கத்தில் அத்தை நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வெரசா வா தவிடு, பஸ்ஸு போயிரும்."

"வாறேன் அத்தை," என்றேன்.